மாமாவா, சாரா?

அந்த வீட்டில் எதைக் கேட்பதென்றாலும் முக்காலி மேல் ஏறித்தான் கேட்க வேண்டும். புது மின்விசிறி வேண்டுமா, ஏறு. தோழிகளோடு சினிமாவுக்குப் போக வேண்டுமா, ஏறு. வரவேற்பறையில் ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருந்த அந்த முக்காலியின் ஒரு கால் சற்றுத் தளர்ந்தது. ஏறியவர்கள் உணர்ச்சிவசப்பட்டால் அதுவும் ஆடும். அதனால் பேச்சுக்கு ஒரு தனி நடுக்கம் கிடைக்கிறது என்று வீட்டுக்காரர் அதைச் சரிசெய்யாமலே வைத்திருந்தார்.

வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேடையார் என்றால்தான் தெரியும். வரவேற்பறையிலேயே பேச்சுப் பயிற்சி வகுப்பு நடத்திப் பிழைக்கிறார். சங்கத் தேர்தலில் நிற்கிறவர்கள், மேலதிகாரியைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்கள், மனைவியிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற நிலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் அவரிடம் வருவார்கள். சுவர் முழுக்க உலகத்துப் பேச்சாளர்களின் படங்கள், பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டியவை. அத்தனை பேரும் வாயை அகலத் திறந்தபடி இருப்பார்கள்.

"பசியில கிடந்த படையைப் பேசியே நடக்க வெச்சிருக்காங்க. தூக்குமேடைக்குப் போறவனைப் பேசியே வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. கத்தி செய்யாததை நாக்கு செஞ்சிருக்கு" என்பது மேடையார் வகுப்பின் முதல் நாள் பாடம். தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். ஜன்னல் திறந்தே இருந்தால் வேறென்ன ஆகும்.

ஆனால் அவரிடம் ஒரு கோளாறு உண்டு. கடைசியாக யார் நன்றாகப் பேசுகிறார்களோ அவர் பக்கம் சாய்ந்துவிடுவார். அந்தப் பேச்சாளர் அவரே என்றாலும் சரி. ஒருமுறை குப்பை வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களிடம் பேசி வேலைக்குத் திரும்ப வைக்கும்படி தெருவே கூடி இவரை அனுப்பியது. போனவர், நியாயமாகப் பேச வேண்டுமே என்று முதலில் அவர்கள் தரப்பை எடுத்துச் சொன்னார். அதை அவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார் போல. மாலையில் பார்த்தால் கோஷ அட்டையைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்திருந்தார். குப்பை இன்னும் ஒரு வாரம் நாறியது.

இந்த வீட்டில் பிறந்த ஒரே பெண் பேசாமடந்தை ஆனதில் வியப்பில்லை. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை முக்காலி மேல் ஏறி, "எனக்கு சைக்கிள் வேணும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அதற்கு மேடையார் பதிலுரை ஆற்றினார். பொருளாசையால் சரிந்த பேரரசுகள் எல்லாம் அதில் வந்து போயின. முடிவில் அவளே விசும்பிக்கொண்டு, சைக்கிள் வேண்டாம், செருப்பு கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அதில் ஏறவே இல்லை. வளர்ந்து, பல் டாக்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தாள். நாள் முழுக்க எதிரே இருப்பவர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பார்கள், ஆனால் ஒரு சொல்லும் பேச முடியாது. அவளுக்கென்றே செய்து வைத்த வேலை. வீட்டுச் சுவரில் இருக்கும் மேதைகளைக்கூட அவள் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பாள். புரட்சிக்காரர் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை என்பது அவள் சொல்லித்தான் அத்தைக்குத் தெரியும்.

அத்தை என்பவர் மேடையாரின் அக்கா. காதில் மெஷின் வைத்திருக்கிறார். தம்பி முக்காலியில் கால் வைத்ததும் மெஷினைக் கழற்றி டீ சாசரில் வைத்துவிட்டு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிடுவார். அந்தத் தெருவில் மேடையார் பேச்சால் மனம் மாறாத ஒரே ஆள் அவர்தான்.

இந்தப் பெண்ணுக்குத்தான் காதல் வந்துவிட்டது. அதுவும் யார் மேல்? மெத்தைக் கடை விற்பனையாளன் மேல். மேடையாருக்குச் சளைக்காத வாய் இந்த ஊரில் ஒன்று உண்டென்றால் அது அவனுடையது. இரவுக் காவலாளி ஒருவருக்கே இரட்டை மெத்தை விற்றவன். அவர் இப்போது பகல் வேலைக்கு மாறிவிட்டார்.

போயும் போயும் இவனையா என்று தெருவில் இருந்த நமக்கும் தோன்றியது. விசாரித்தபோதுதான் விவரம் கிடைத்தது. கன்னம் வீங்கி அவன் அவள் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறான். காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு தலையணையைத் தலையில் கட்டிவிட்டான். பிறகு உள்ளே போய் ஊசி போட்டதும் பாதி முகம் மரத்து வாய் அடைத்துப்போனது. இரண்டு கன்னத்திலும் பஞ்சோடு, எச்சில் வழிய, பேச முடியாமல் அவளைப் பார்த்திருக்கிறான். அவள் மோவாயைத் துடைத்துவிட்டாள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது. வெளியே போகும்போது வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் உள்ளே போகும்வரை சும்மா நின்றான். அந்தச் சிவந்த காதைத்தான் அவள் விரும்பினாள். சில மணி நேரத்தில் மரப்பு விட்டு அவனுக்கு வாய் திரும்பியது வேறு விஷயம். அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது.

மேடையார் ஒரே வரியில் மறுத்துவிட்டார். "நான் ஊரை எழுப்புறவன். அவன் தூங்க வைக்கிறவன். எப்படிம்மா ஒத்துப்போகும்?"

அவளும் ஒரே வரியில் சொன்னாள். அவனைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றாள். வீட்டில் நான்கு நாள் பேச்சு இல்லை, அதாவது அவள் பேசவில்லை. அப்பா பேசிக்கொண்டுதான் இருந்தார். கடைசியில், வேண்டுமென்றால் அந்தப் பையன் முறைப்படி வந்து முக்காலி ஏறிக் கேட்கட்டும், தன் மனம் மாறினால் மாறட்டும் என்று இறங்கி வந்தார். அன்றிலிருந்து அவரும் மறுப்புரை தயார் செய்ய ஆரம்பித்தார். குளியலறையில் ஒத்திகை நடந்தது. தண்ணீர் ஓடும் சத்தத்தை வைத்தே உரை எவ்வளவு நீளம் என்று தெருக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் வந்தான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் தேநீரும் பிஸ்கட்டும் வைத்தாள். அத்தை காது மெஷினைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஜன்னலுக்கு வெளியே சலவைக் கடைக்காரர், கொடுக்க வேண்டிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றார். எதேச்சையாகத்தான். அவருக்குப் பின்னால் இன்னும் சில பேரும் எதேச்சையாக நின்றார்கள்.

"வணக்கம் சார்" என்று அவன் முக்காலி ஏறினான்.

பெண்ணைப் பற்றி ஆரம்பிப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் முதுகெலும்பைப் பற்றி ஆரம்பித்தான். மனிதன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு படுத்துக் கிடக்கிறான், மிச்சத்தை யாரோடு நிமிர்ந்து நிற்கிறான் என்பதுதான் கேள்வி என்றான். அப்படியே வரலாற்றுக்குப் போனான். போருக்கு முன் தளபதி பேசிய பேச்சை எல்லோரும் புகழ்கிறார்கள், அந்தப் படை முந்தின இரவு எதன் மேல் தூங்கியது என்று எவராவது கேட்டார்களா என்றான். மேடையார் நாற்காலியில் நுனிக்கு வந்துவிட்டார்.

"உங்க பேச்சைக் கேக்குறவங்க முழிச்சிருக்கணும்னா, முந்தின நாள் நல்லாத் தூங்கியிருக்கணும் சார். நீங்க எழுப்புறீங்க. நான் எழுப்புறதுக்கு ஆள் தயார் பண்றேன். நாம ரெண்டு பேரும் ஒரே தொழில் சார்."

முக்காலி ஆடியது. மேடையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். எழுந்து, கையை விரித்து, "மாப்பிள்ளை" என்றார்.

"மாமா" என்று அவன் இறங்கினான்.

அவளுக்கு மூச்சு வந்தது. ஜன்னலுக்கு வெளியே சலவைக் கடைக்காரர் கையில் இருந்த துணியைத் தூக்கி ஆட்டினார். அது யாருடைய வேட்டி என்பது இங்கே வேண்டாம்.

இந்த இடத்தில் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் நமக்கும் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் மேடையார் தொண்டையைச் செருமினார். தயார் செய்த பேச்சைப் பேசாமல் விழுங்கினால் வயிற்றில் கிடந்து புளிக்கும் என்பது அவர் வகுப்பின் இரண்டாம் நாள் பாடம்.

"என் மனசு மாறிடுச்சு, அதுல சந்தேகமே இல்ல. இருந்தாலும் பேச்சு ரெடியா இருக்கு. சும்மா ஒரு தடவை பேசிடறேனே" என்றார்.

"வேணாம்ப்பா" என்றாள் அவள்.

"பேசட்டுமே, மாமா பேசி நான் நேர்ல கேட்டதே இல்ல" என்றான் அந்த மடையன். நல்ல பேச்சைக் கேட்கும் ஆசை அவனுக்கு. வாயால் கெட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். இவன் காதால் கெட்டான்.

மேடையார் ஏறினார். குரலைத் தாழ்த்தினார். அதுதான் ஆபத்து என்று தெருவுக்கே தெரியும். அவர் குரலை உயர்த்தினால் தப்பிக்கலாம். தாழ்த்தினால் கைக்குட்டையை எடுக்க வேண்டியதுதான். உலகத்துச் சத்தம் எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார். சந்தை, போர், வழக்குமன்றம் என்று எல்லா இரைச்சலுக்கும் நடுவில் மௌனமாக ஒரு பெண் வளர்ந்த கதையைச் சொன்னார். அவள் கேட்டு வளர்ந்த பேச்சுகளை எல்லாம் எண்ணினார். அவை தன்னுடைய பேச்சுகள்தான் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். குரல் உண்மையாகவே உடைந்தது.

"அவ பிறந்ததுலேருந்து இந்த வீட்டுல ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கான். அவ கேட்டுக்கிட்டே இருக்கா. தம்பி, அந்தக் காதுக்கு நீ ஓய்வு குடுக்கப் போறியா, இன்னொரு வாயைக் குடுக்கப் போறியா?"

மெத்தைக்காரன் தலையைத் தொங்கப் போட்டான். பிறகு எழுந்து செருப்பைத் தேடினான்.

"எங்க கிளம்பிட்டீங்க மாப்பிள்ளை?" என்றார் மேடையார், பேசி முடித்த பெருமை முகத்தில் மாறாமல்.

"வேணாம் சார். நீங்க சொன்னதுதான் சரி. நான் அவங்களுக்கு ஏத்தவன் இல்ல சார்."

"இப்பத்தான் மாமான்னாரு, மறுபடி சாருக்கு வந்துட்டாரே" என்று ஜன்னலில் கவலைப்பட்டார் சலவைக் கடைக்காரர்.

"நான் சொன்னது தப்பு மாப்பிள்ளை" என்று பதறினார் மேடையார். "சரிதான் சார்" என்று அவன் பிடிவாதம் பிடித்தான். அவர் தப்பு என்றார். அவன் சரி என்றான். இப்படிச் சொல்லிப் பயனில்லை என்று, அவனைச் சம்மதிக்க வைப்பதற்காக அவர் மறுபடி முக்காலி ஏறினார். அவன் சொன்ன வாதங்களையே எடுத்து, ஒட்டடை தட்டி, அவனைவிட நன்றாகச் சொன்னார். தூக்கமும் விழிப்பும் கைகோத்து நடப்பதை அவர் வர்ணித்தபோது, ஜன்னலில் நின்ற மாடி வீட்டு அம்மா ஒரு மெத்தை வாங்கியே தீர்வது என்று முடிவு செய்துவிட்டார்.

அதைக் கேட்டு அவன் மனம் இளகியது. ஆனால் இளகுவதற்கு முன்பே அவனுக்கும் ஒரு பதிலுரை ஊறிவிட்டது. ஊறியதைக் கைவிட மனம் வராமல் ஏறினான். அவள் மௌனத்தைக் காப்பாற்றத் தான் விலகத்தான் வேண்டும் என்பதை, மேடையார் சொன்னதைவிட உருக்கமாகச் சொன்னான். சொல்லி முடித்து இறங்கியபோது, பேசிய வேகம் தீர்ந்து, முன்பே இளகிய மனம் மேலே வந்துவிட்டது. "இருந்தாலும் மாமா" என்று கையைப் பிடித்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த மேடையார் இதற்குள் அந்தப் பேச்சில் கரைந்துபோயிருந்தார். "இல்ல தம்பி, நீ சொன்னதுதான் சரி. போயிட்டு வாப்பா" என்றார்.

இப்படியே போனது. ஒருவர் ஏறினால் மற்றவர் மாறுவார். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நிற்கவே இல்லை. மாமா சாராகி, சார் மாமாவாகி, மாப்பிள்ளை தம்பியாகி, தம்பி மறுபடி மாப்பிள்ளையானான். ஜன்னலில் கூட்டம் சேர்ந்தது. பின்னால் நின்றவர்களுக்கு உள்ளே நடப்பது கேட்கவில்லை. சலவைக் கடைக்காரரைத் தோளில் தட்டி, "இப்ப என்ன, மாமாவா சாரா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கூட்டமும் லேசுப்பட்டதல்ல. இவருக்கும் கைதட்டியது, அவனுக்கும் கைதட்டியது. கல்யாணம் வேண்டும் என்றபோதும் அழுதது, வேண்டாம் என்றபோதும் அழுதது. பிஸ்கட் தட்டு எப்படியோ ஜன்னல் வழியாக வெளியே போய்க் காலியாகத் திரும்பி வந்தது.

அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் மாமா என்றதும் ஓரடி முன்னால் வருவாள், சார் என்றதும் பின்னால் போவாள். பிறகு நகர்வதும் நின்றுவிட்டது. இது முடியும் என்றால் யாருக்காவது தொண்டை கட்டினால்தான் முடியும். அந்த நேரத்தில் யார் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ அதுதான் தன் வாழ்க்கை என்று அவளுக்குப் புரிந்தது. நாற்காலிப் போட்டியில் இசை நிற்கும்போது யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது மாதிரி. அதற்காக இவ்வளவு வருடம் காத்திருக்கவில்லை அவள்.

மேடையார் முக்காலியின் மேல் அப்போது உச்சத்தில் இருந்தார். கையை அவள் பக்கம் நீட்டினார்.

"இவ்வளவு பேசறோமே, அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?"

கூட்டம் விம்மியது. மெத்தைக்காரன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். சலவைக் கடைக்காரர் கையில் இருந்த துணியில் மூக்கைச் சிந்தினார். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. மேடையாரும் கேட்டுவிட்டு அடுத்த கருத்துக்குப் போய்விட்டார்.

அவள் உள்ளே போனாள். வேலைக்குக் கொண்டுபோகும் கைப்பையை எடுத்து வந்தாள். கொக்கியை டக்கென்று திறந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டினாள். கையுறை மணிக்கட்டில் பளாரென்று அடித்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மேடையாரின் வாக்கியம் பாதியில் நின்றது. பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

"அப்பா, இறங்கி உட்காருங்க" என்றாள். "நீங்களும் உட்காருங்க."

ஆஸ்பத்திரியில் பேசும் அதே குரல். உயரவும் இல்லை, தாழவும் இல்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"ஆ காட்டுங்க."

காட்டினார்கள். காட்டாமல் இருக்க முடியாது, அந்தக் குரலில் அப்படி ஒன்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சலவைக் கடைக்காரரும் வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் ஆறேழு வாய் திறந்தது. சுவரில் இருந்த மேதைகள் ஏற்கனவே திறந்துதான் வைத்திருந்தார்கள்.

பையிலிருந்து பஞ்சுச் சுருள்களை எடுத்து, அப்பாவின் இரண்டு கன்னத்திலும், அவன் இரண்டு கன்னத்திலும், நாக்குக்கு அடியிலும் வரிசையாக வைத்தாள். வேலை சுத்தம். அப்பா ஏதோ சொல்லப் பார்த்தார். "ழ்ழோ" என்று வந்தது.

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. வாயைக் காதால சமாளிக்கப் பழகினவ நான். இன்னொரு வாய் வந்தா வரட்டும், என்கிட்ட பஞ்சு இருக்கு. சம்மதமாப்பா? தலையை மட்டும் ஆட்டுங்க."

மேடையாரின் புருவம் ஒரு முன்னுரைக்குத் தயாரானது. அவள் இன்னொரு பஞ்சுச் சுருளைக் கையில் எடுத்தாள். புருவம் இறங்கியது. தலை ஆடியது.

அவன் பக்கம் திரும்பினாள். கன்னம் இரண்டும் உப்பி, எச்சில் ஒழுக, பேச முடியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மோவாயைத் துடைத்துவிட்டாள். அவன் காது சிவந்தது. அதே காது. அவன் தலையை ஆட்டியதைக்கூட அவள் அதற்குப் பிறகுதான் கவனித்தாள்.

ஜன்னலில் யாரும் கைதட்டவில்லை. அவரவர் வாயைத் திறந்தபடியே இருந்ததால் கையைப் பற்றிய ஞாபகம் யாருக்கும் வரவில்லை போலிருக்கிறது.

அத்தை ஊசியை நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாக எல்லா வாயும் அசையாமல் இருக்கவே, மெஷினை எடுத்துக் காதில் மாட்டினார்.

"முடிஞ்சுதா? யாருடி ஜெயிச்சா?"

"நான்தான் அத்தை."

"நீ எப்படி பேசின?" என்றார் அத்தை, ஏதோ முக்கியமானதைத் தவறவிட்டவர் மாதிரி. காது மெஷின் வாங்கிய நாளிலிருந்து அதைக் கழற்றியதற்காக அவர் வருத்தப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. நாமும் போயிருந்தோம், எதேச்சையாகத்தான். வரிசையில் காத்திருந்த நேரத்தில் மேடையார் எழுத்தர் ஒருவரைத் தன் வகுப்பில் சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை அதே எழுத்தருக்கு ஒரு மெத்தையும் விற்றுவிட்டான். முறை வந்தது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இந்தப் பெண்ணைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார். மாப்பிள்ளை மேசை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றினான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். மாமனாரின் கண் ஆவலில் பளபளத்தது.

அவள் கைப்பையின் கொக்கியை டக்கென்று திறந்தாள்.

"சம்மதம்" என்றான் மாப்பிள்ளை.